கோரைத்திட்டுப் பாலத்தில் முதலில் நடந்தவர்

கொள்ளிடம் இரண்டாகப் பிரிந்து மறுபடி ஒன்றாகச் சேருகிற இடத்தில், நடுவே மணல்மேடாகக் கிடக்கிற கோரைத்திட்டுக்குப் பாலம் வந்தது எந்த அரசாங்கத்தின் திட்டத்தாலும் அல்ல, எந்தக் கட்சியின் வாக்குறுதியாலும் அல்ல, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் காலாண்டுப் பரீட்சையின் ஆங்கிலத் தாளில் எழுதிய ஒரு செய்தி அறிக்கையால்தான் என்பது அந்தத் திட்டில் பால் கறக்கிறவர் முதல் பாடை கட்டுகிறவர் வரை எல்லோருக்கும் தெரியும். தெரியாதவர்கள் அதிகாரிகள் மட்டும்தான். அவர்களுக்கும் தெரியும், கோப்பில் எழுத வழியில்லாத காரணத்தால் தெரியாதவர்களாக இருக்கிறார்கள்.

திட்டிலிருந்த அரசு உயர்நிலைப் பள்ளிக்கு ஆங்கிலம் நடத்த ஆள் போடாமல் அரசாங்கம் காலம் கடத்தியது. பெற்றோர் ஆசிரியர் கழகம் அக்கரையிலிருந்து குழந்தைராஜ் என்பவரைத் தற்காலிகமாக வைத்திருந்தது. அவர் தினமும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, வேட்டியையோ பேன்ட்டையோ முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு ஓடத்தில் வருவார். பரீட்சையில் செய்தி அறிக்கை எழுதும் கேள்வி தப்பாமல் வரும், பிள்ளைகளுக்குச் சொந்தமாக ஒரு வாக்கியம் எழுத வராது. ஆகவே அவர் ஒரே ஒரு அறிக்கையைச் சொல்லச் சொல்ல எழுதவைத்து, மனப்பாடம் செய்யவைத்து, "என்ன கேட்டாலும் இதையே எழுதிட்டு வாங்கடா, தலைப்பு, ஊர், தேதி எல்லாம் இருக்கு, மார்க் போடாம எங்க போறாங்க" என்று சொல்லியிருந்தார். அந்த அறிக்கை கோரைத்திட்டில் பாலம் திறந்ததைப் பற்றியது. பாலம் நீளமாகவும் அழகாகவும் இருக்கிறது, இருபுறமும் விளக்குகள் எரிகின்றன, கலெக்டர் ரிப்பன் வெட்டி முதலில் நடந்தார், பிள்ளைகளுக்கு மிட்டாய் வழங்கப்பட்டது, மக்கள் மகிழ்ச்சியாகக் கலைந்து சென்றனர். அவ்வளவுதான்.

பரீட்சையில் கேட்டது, உங்கள் பள்ளியில் நடந்த அறிவியல் கண்காட்சி பற்றி ஓர் அறிக்கை எழுதுக என்று. பிள்ளைகள் பாலத்தை எழுதினார்கள். வகுப்பு முழுக்க ஒரே பாலம், ஒரே விளக்கு, ஒரே மிட்டாய். குழந்தைராஜ் அன்று மாலையே வீட்டில் உட்கார்ந்து, தன் வார்த்தைகள் தன்னிடமே திரும்பி வந்த சந்தோஷத்தில் தாள் தாளாகச் சரி போட்டுத் தள்ளினார். மறுநாள் விடிந்தபோது பாலம் நின்றது.

முதலில் பார்த்தவர் ஓடக்காரர் அரியபுத்திரன். ஓடத்தில் ஊறியிருந்த தண்ணீரை இறைக்க வந்தவர், தலைக்கு மேலே போகிற பாலத்தையும் பட்டப்பகலில் எரிகிற விளக்குகளையும் பார்த்துவிட்டு, வெற்றிலையைத் துப்பி, "ஆவட்டும், எனக்கும் முட்டி வலி தாங்கல" என்றார். பிள்ளைகளின் சட்டைப் பைகளில் மிட்டாய் இருந்தது. பாலத்தின் முனையில் கல் இருந்தது, கல்லில் கலெக்டர் பெயர் இருந்தது. ஜீப்பில் வந்து பார்த்த கலெக்டருக்குக் கத்தரிக்கோல் அழுத்திய வலி கட்டைவிரலில் இருந்தது. பொதுப்பணித் துறைப் பொறியாளர் வந்து தூண்களைத் தட்டிப் பார்த்துவிட்டு, ஏற்கெனவே உள்ள பாலம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, இளநீர் குடித்துவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு யாரும் அதிசயப்படவில்லை, அதிசயப்பட நேரமும் இல்லை. பெண்கள் கீரைக்கட்டை அக்கரைச் சந்தையில் விற்றுவிட்டு உலை கொதிப்பதற்குள் திரும்பினார்கள். திட்டுப் பெண் வேண்டாம் என்று சொன்ன மாப்பிள்ளை வீட்டார் பூவும் பழமுமாக நடந்தே வந்தார்கள். பிரசவ வலி எடுத்தவள் ஆற்றின் நடுவில் பெறாமல் ஆஸ்பத்திரிக் கட்டிலில் பெற்றாள். எருமைகள் மட்டும் பாலத்தின் நிழலைக் கண்டு கொஞ்ச காலம் மிரண்டன. பிள்ளைகள் எழுதியது வந்துவிட்டது என்று ஊருக்குப் புரிந்ததும், குழந்தைராஜ் வரும் வழியில் ஆட்கள் நிற்க ஆரம்பித்தார்கள். "சார், அரையாண்டுக்கு ஒரு ரேஷன் கடைய சொல்லிக்குடுங்க சார்." "கக்கூஸ் சார், பொம்பளைங்களுக்குக் கக்கூஸ், அழகா இருக்கணும்னு அவசியமில்ல, கதவு இருந்தாப் போதும்." இந்தப் பேச்சு மாவட்டக் கல்வி அலுவலகம் வரை போய், கோரைத்திட்டுப் பள்ளிக்கு மட்டும் இனிமேல் செய்தி அறிக்கைக் கேள்வி கிடையாது, விடுப்புக் கடிதம் மட்டுமே கேட்கப்படும் என்று உத்தரவு வந்தது. மக்கள் கேட்டது கிடைக்கிற வழி ஒன்று திறந்தால் அதை அடைக்கிற உத்தரவு மட்டும் அதே வாரத்தில் வந்துவிடும். இதிலும் அதிசயம் ஒன்றுமில்லை.

பாலத்தில் கால் வைக்காதவள் அஞ்சுகம் ஒருத்திதான். அக்கரை வயலுக்கு நடவுக்குப் போகும்போதும் வரும்போதும் அவள் ஓடத்திலேயே போனாள், அரியபுத்திரன் அவள் ஒருத்திக்காகவே ஓடத்தைத் தண்ணீரில் வைத்திருந்தார். பாலத்தின் நிழலுக்குள் ஓடம் நுழையும்போது அவள் கண்ணை மூடிக்கொள்வாள். ஊரில் எல்லோருக்கும் இருந்ததுபோல் அவளுக்குள்ளும் அந்த ஞாபகம் இருந்தது: கலெக்டர் ரிப்பனை வெட்டுகிறார், முதலில் நடக்கிறார், பின்னால் ஒன்றியத் தலைவர் வைரக்கண்ணு துண்டை இழுத்துவிட்டுக்கொண்டு நடக்கிறார், தானும் கூட்டத்தில் நின்று கைதட்டுகிறாள். நடக்காத ஒன்றுக்குத் தட்டிய கை அவளுக்கு எரிந்தது.

ஏனென்றால் அந்தப் பாலத்தைக் கேட்டவன் அவள் புருஷன் தம்புசாமி. கல்யாணத்துக்கு முன்பே கேட்டவன். துண்டறிக்கை அச்சடித்துக் கேட்டான், சைக்கிளில் ஒலிபெருக்கி கட்டிக் கேட்டான், கருப்புக்கொடி ஏற்றிக் கேட்டான், தேர்தலைப் புறக்கணித்துக் கேட்டான், தாலுகா அலுவலக வாசலில் பட்டினி கிடந்து கேட்டான், போலீஸ் வேனில் தூக்கிப்போட்டபோது வேனுக்குள்ளிருந்தும் கேட்டான். மகள் பிறந்தபோது அறிவொளி என்று பெயர் வைத்து, தொட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மனு எழுதினான். ஐப்பசி வெள்ளத்தில், மனுநாள் என்பதால் போகாமல் இருக்க மாட்டேன் என்று சட்டைப் பையில் மனுவோடு ஓடம் ஏறினான். நடு ஆற்றில் ஓடம் கவிழ்ந்தது. மற்றவர்கள் கரையேறினார்கள். அவன் ஏறவில்லை, உடலும் கிடைக்கவில்லை. மறுநாள் பத்திரிகையில், மாட்டுச் சந்தை விலைக்குக் கீழே, ஒருவர் மாயம் என்று போட்டிருந்தது. பெயர் போடவில்லை. அஞ்சுகம் அப்போது அக்கரையில் முழங்கால் சேற்றில் நாற்று நட்டுக்கொண்டிருந்தாள். அவன் போனதை அவள் பார்க்கவில்லை. பார்க்காததால் அவளுக்குள் அவன் போய் முடியாமல், எந்நேரமும் புறப்பட்டுக்கொண்டே இருந்தான்.

காலாண்டு விடைத்தாள்கள் பெற்றோர் கையெழுத்துக்காக வீட்டுக்கு வந்தன. எல்லாத் தாளும் கையெழுத்தோடு திரும்பி வந்தால்தான் கட்டி அலுவலக அறையில் வைப்பார்கள், மார்க்கும் அப்போதுதான் உறுதியாகும். அஞ்சுகத்துக்குக் கையெழுத்து மட்டும் தெரியும், தம்புசாமி கற்றுக்கொடுத்தது. ஆங்கிலத் தாளில் ஒரு வரி மேல் சிவப்புக் கோடு போயிருப்பதைக் கண்டு பேனாவை நிறுத்தினாள்.

"இது என்னடி, இத மட்டும் அடிச்சிருக்கு?"

அறிவொளி ஜடையைக் கடித்தாள். அம்மா மறுபடி கேட்டதும் தமிழில் படித்துச் சொன்னாள். "ரிப்பனைக் கலெக்டர் வெட்டினார். ஆனால் பாலத்தில் முதலில் நடந்தவர் திரு. தம்புசாமி. அவர் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு நடந்தார்."

"சாரு சொல்லிக்குடுத்ததா?"

"இல்ல. கலெக்டர் மொதல்ல நடந்தார்னு எழுத வந்தேன். கை எழுத மாட்டேன்னுடுச்சு."

அஞ்சுகம் தாளை மடித்து வைத்தாள். சரி போட்ட வரியெல்லாம் நிஜமாக வந்து நின்றது, அடித்த வரி மட்டும் வரவில்லை. இதைப் புரிந்துகொள்ள அவளுக்கு ஆங்கிலம் தேவைப்படவில்லை. மகளிடம், "உங்க சாருகிட்ட சொல்லு, கோட்ட எடுக்குற வரைக்கும் எங்கம்மா கையெழுத்துப் போட மாட்டாங்களாம்னு" என்றாள்.

விடைத்தாள் கட்டு ஒரு தாள் குறைவாக, கயிறு போடாமல் மேஜை மேல் கிடந்தது. நாளாக ஆக ஊருக்குப் பயம் வந்தது. மார்க் உறுதியாகாவிட்டால் பாலம் உறுதியாகுமா என்று யாரோ கேட்டார்கள். கேட்ட அன்று சாயங்காலம் பாலத்து விளக்குகள் ஒருமுறை கண்சிமிட்டின. காற்றாகவும் இருக்கலாம். ஆனால் மறுநாள் பெண்கள் கூட்டமாக வந்து அவள் வாசலில் நின்றார்கள்.

"ஒரு கையெழுத்துதானே அஞ்சுகம். போட்டுத் தொலையேன். எம்மருமவளுக்கு இது மாசம்."

"நான் பாலம் வேணாம்னா சொன்னேன்?"

"ஒம்புருஷன் பேரு வரணும்னா கோயில் மணியில எழுதிப் போடுவோம்டி."

"அவரு கோயில் மணியா கேட்டாரு?"

ஓடத்துறையிலிருந்து வந்த அரியபுத்திரன் அப்போது வாயைத் திறந்தார். "கலெக்டரு மொதல்ல நடந்தத நான் பாத்தேன். சத்தியமா இந்தக் கண்ணால பாத்தேன். நான் பாத்தது பொய்யின்னும் எனக்குத் தெரியும். அந்தாளு என்ன கலரு சட்டை போட்டிருந்தாரு, சொல்லுங்க பாப்போம்?" பெண்கள் யோசித்தார்கள். அவர்களுடைய ஞாபகத்தில் நடந்தவருக்குச் சட்டை இல்லை, முகம் இல்லை, வெறும் கலெக்டர் மட்டும்தான் இருந்தார். தம்புசாமியை நினைத்தார்கள். சைக்கிள் ஒலிபெருக்கியில் தொண்டை கட்டிய குரல், கிழிந்த காலர், பசை ஒட்டிய விரல் எல்லாம் வரிசையாக வந்தன. மருமகளுக்கு மாசம் என்று சொன்னவள்தான் முதலில் முந்தானையை இடுப்பில் செருகினாள். "வாங்கடி பள்ளிக்கூடத்துக்கு" என்றாள்.

மதிய இடைவேளை. குழந்தைராஜ் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தார். எதிரே நாற்காலியைத் திருப்பிப் போட்டு வைரக்கண்ணு உட்கார்ந்திருந்தார். செய்தி அவருக்கு முன்பே போயிருந்தது.

"யோவ் வாத்தியாரே, கலெக்டருக்கு அடுத்து நடந்தவன் நானு. தம்புசாமி மொதல்லன்னா நான் மூணாவது ஆளு. செத்தவனுக்குப் பின்னால என்னய நடக்கவிடப் பாக்குறியா? நீ தற்காலிகம்யா. ஞாபகம் இருக்கட்டும்."

வாசலில் நின்ற பெண்களை விலக்கிக்கொண்டு அஞ்சுகம் உள்ளே வந்து தாளை மேஜையில் வைத்தாள்.

"சார், இது ஏன் தப்பு?"

"நான் சொல்லிக்கொடுத்ததுல இல்லக்கா. கேள்விக்கு வெளிய போயிட்டா மார்க் போட முடியாது."

"கேள்வி என்ன கேட்டாங்க?"

அவர் சாப்பாட்டு டப்பாவை மூடினார். "அறிவியல் கண்காட்சி."

"வகுப்பு முச்சூடும் பாலம் எழுதிச்சு. அதுக்கு மார்க் போட்டீங்க. எம்பொண்ணு எழுதுன ஒரு வரிதான் கேள்விக்கு வெளிய போயிடுச்சா?"

வாசலில் யாரோ சிரித்தார்கள். வைரக்கண்ணு திரும்பிப் பார்த்ததும் சிரிப்பு நிற்கவில்லை, அதிகமானது. குழந்தைராஜ் தாளைக் கையில் எடுத்தார். அந்த வரியை உதடு அசையப் படித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"அக்கா, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. இதுக்கு நான் சரி போட்டாலும் பொண்ணு எழுதினது இவ்வளவுதான். இந்தக் கரையிலேருந்து அந்தக் கரைக்கு நடந்தார். திரும்பி வந்தார்னு எழுதல. வீட்டுக்கு வந்தார்னு எழுதல. மணி அடிச்சப்புறம் நான் ஒரு வார்த்தை சேக்க முடியாது. சேத்தா முழுத் தாளும் செல்லாது."

அவள் அதை முன்பே யோசித்திருந்தாள் என்று சொல்ல முடியாது. அடுப்படியில் இரண்டு தட்டு வைக்கிற இடத்தை அவள் மூன்று தட்டுக்கு மெழுகியிருந்தாள். மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"போறப்ப பாக்கல சார்" என்றாள். "போவட்டும். இந்தத் தடவ பாத்துக்குறேன்."

குழந்தைராஜ் வைரக்கண்ணுவின் முகத்தைப் பார்க்காமல் சிவப்புக் கோட்டின் மேலேயே, காகிதம் கிழிகிற அழுத்தத்தில், ஒரு சரி போட்டார். குறைத்த மார்க்கைக் கூட்டினார். அஞ்சுகம் கையெழுத்துப் போட்டாள். பியூன் கட்டைக் கயிறு போட்டு இறுக்கினான்.

மறுநாள் விடிவதற்கு முன்பே ஊர் ஒரு காரியம் செய்தது, யாரும் சொல்லாமல் செய்தது. அக்கரையில் தங்கியிருந்த திட்டுக்காரர்கள் எல்லோரும் பாலத்தை மிதிக்காமல் ஓடத்திலும் நீச்சலிலும் இக்கரைக்கு வந்து சேர்ந்தார்கள். பால்கேன்கள் வரிசையாக மண்ணில் நின்றன. கீரைக்கட்டுகள் தலையிலிருந்து இறங்கின. அக்கரையில் பஸ் கண்டக்டர் விசில் ஊதி ஊதிப் பார்த்துவிட்டு, விஷயம் தெரிந்ததும் வண்டியை நிறுத்திவிட்டுப் படியில் உட்கார்ந்தான். முதலில் நடக்க வேண்டியவர் நடக்காதவரை இதுவரை நடந்ததெல்லாம் கணக்கில் இல்லை என்று ஊர் முடிவு செய்திருந்தது. வைரக்கண்ணுவும் வந்திருந்தார், கூட்டத்தின் கடைசியில், துண்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு.

வெயில் ஏறும் வேளையில் ஓடத்துறைப் பக்கமிருந்து தம்புசாமி வந்தான். நனைந்திருக்கவில்லை. அறிக்கையில் சட்டையின் நிறம் எழுதப்படாததால் ஒவ்வொருவரும் தங்களுக்கு ஞாபகமிருந்த சட்டையில் அவனைப் பார்த்தார்கள். அஞ்சுகத்துக்கு அது கல்யாணத்துக்கு மறுவாரம் சாயம் போன நீலச்சட்டை. கூட்டம் இரண்டாகப் பிளந்து வழிவிட்டது. யாரும் கைதட்டவில்லை. அவன் பாலத்தின் முனையில் நின்று கல்லில் இருந்த பெயரை ஒருமுறை படித்தான், பிறகு கால் வைத்தான்.

அஞ்சுகம் பக்கத்தில் போய்ச் சேர்ந்துகொண்டாள். "வாடி" என்று மகளைக் கூப்பிட்டாள். அறிவொளி யூனிபார்மில், புத்தகப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு, கண்ணீர் வடிய, தலையை ஆட்டி மறுத்தாள். "நான் பாக்கணும்மா. எழுதுனவ நான்தானே. கடைசி வரைக்கும் யாராவது பாக்கணும்."

அஞ்சுகம் முதன்முறையாக அந்தப் பாலத்தில் நடந்தாள். நடக்க நடக்கப் பேசினாள். கூரை மாற்றியதைச் சொன்னாள், ஆடு குட்டி போட்டதைச் சொன்னாள், மகள் பெரியவளானதற்கு யார் யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று சொன்னாள், பத்திரிகையில் ஒருவர் என்று போட்டதைச் சொன்னாள், வயலில் தலை நிமிரும்போதெல்லாம் வரப்பில் அவன் வருகிறானா என்று பார்த்ததைச் சொன்னாள், பார்த்துப் பார்த்து நிமிர்வதையே விட்டதையும் சொன்னாள். அவன் கேட்டுக்கொண்டு வந்தான். கேட்டுக்கொண்டே கைப்பிடிச் சுவரை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தான், இணைப்பில் விரலை விட்டுப் பார்த்தான், தூணுக்குத் தூண் குனிந்து சிமென்டைச் சுரண்டினான். அவள் வேண்டுமென்றே மெதுவாக நடந்தாள். அவனும் மெதுவாக நடந்தான். நடு ஆற்றுக்கு மேலே, ஓடம் கவிழ்ந்த இடத்துக்கு நேராக வந்தபோது, காற்றில் அவள் முந்தானை பறந்து அவன் தோளில் விழுந்தது. அவன் அதை எடுத்து அவள் தோளில் போட்டான். அந்தக் கை வெதுவெதுப்பாக இருந்தது.

பாலம் முடிகிற இடம் நெருங்கியபோது அவள் பேச்சை நிறுத்தினாள். அவன் அவள் பக்கம் திரும்பி, ஒலிபெருக்கியில் தொண்டை கட்டிய அதே குரலில், மெல்ல ஏதோ சொன்னான். பிறகு அக்கரை மண்ணில் கால் வைத்தான். அவன் கால் வைத்த மண்ணில் வெயில் மட்டும் விழுந்தது. தார்ச்சாலையும் பஸ்ஸும் படியில் எழுந்து நின்றிருந்த கண்டக்டரும் அப்படியே இருந்தார்கள், அவன் மட்டும் இல்லை.

அஞ்சுகம் பார்த்துக்கொண்டே நின்றாள். தோளில் அவன் கை பட்ட இடத்தைத் தொடவில்லை, தொட்டால் சூடு குறைந்துவிடும் என்று தோன்றியது. பின்னால் ஊர் நடக்க ஆரம்பித்திருந்தது. பால்கேன்களும் கீரைக்கட்டுகளும் பிள்ளைகளும் சத்தமாக வந்தன, எல்லாருக்கும் முன்னால் அறிவொளி ஓடி வந்து அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். எத்தனையாவது ஆளாக நடக்கிறோம் என்று எண்ணாமல் வைரக்கண்ணுவும் கூட்டத்தில் தள்ளப்பட்டு வந்தார்.

"அப்பா என்னம்மா சொன்னாங்க?"

எல்லோரும் அவள் வாயைப் பார்த்தார்கள். மருமகளுக்கு மாசம் என்றவள் கீரைக்கட்டை மண்ணில் வைத்துவிட்டு நின்றாள்.

"உள்ள கம்பி ரொம்ப சன்னமாப் போட்டிருக்காம்" என்றாள் அஞ்சுகம். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "வர்ற ஐப்பசித் தண்ணிக்கு நடுத்தூண் தாங்காதாம். எழுதிக் கேக்கச் சொன்னாரு."

கூட்டம் நடுத்தூண் பக்கம் திரும்பிப் பார்த்தது.

"திங்கக்கிழமை மனுநாளு" என்றாள். "யாரு யாரு வர்றீங்க?"